ரோட்டரி எஞ்சின்: சுழல்பொறியா, சுழலிப்பொறியா?

"ரோட்டரி எஞ்சின் போட்ட விமானம்" என்றால் முதல் உலகப் போர் விமானங்களில் பித்துள்ளவர் ஒன்றை நினைப்பார். கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டுகிற அமெரிக்கர் வேறொன்றை நினைப்பார். இரண்டும் வேறு வேறு எஞ்சின்கள்.

வேர் லத்தீனில். 'ரோட்டா' என்றால் சக்கரம்; ரதம் என்ற வடசொல்லும் அதற்கு உறவுதான். சக்கரம் போலச் சுற்றுவது ரோட்டரி, சரி. எது சுற்றுகிறது? அதை அந்தச் சொல் சொல்வதில்லை.

1908-இல் பிரான்சின் சேகன் சகோதரர்கள் உருவாக்கிய நோம் எஞ்சினில் சுற்றியது எஞ்சினேதான். மற்ற எஞ்சின்களில் சுற்றும் கிராங்க் தண்டு இதில் விமான உடலோடு அசையாமல் நிற்கும். ஏழு சிலிண்டர்களும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும், சுழன்றே குளிர்ந்துகொள்ளும். உயவுக்கு விளக்கெண்ணெய். அது தெறித்து விமானி மேலும் படியும்.

இன்னொன்று ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெல் பெயரால் வழங்குவது. இடுப்பு ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள் முக்கோண உருவம் ஒன்று சுற்றும். மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனே கிடையாது. முக்கோணம் ஒரு சுற்று வருவதற்குள் தண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடும். வேடிக்கை என்னவென்றால், 1957-இல் ஓடிய முதல் மாதிரியில் கூடும் சேர்ந்தே சுழன்றது. பிறகுதான் கூட்டை நிறுத்தி வைத்தார்கள். ஜெர்மானியர் அந்த இரண்டு வகைக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார்கள்: கூடும் சுழல்வது திரேகோல்பன், கூடு நிற்பது கிரைஸ்கோல்பன். ஆங்கிலமோ நோம் முதல் வாங்கெல் வரை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டது.

தமிழில் பிரிக்க வழி இருக்கிறது. 'கொல்களிறு' போல 'சுழல்பொறி' வினைத்தொகை: சுழன்ற, சுழல்கிற, சுழலும் பொறி. பொறியே சுற்றுவதால் நோமுக்கு அச்சாகப் பொருந்தும். வாங்கெலில் சுற்றுவது உள்ளே இருக்கும் அந்த முக்கோணம், அதாவது சுழலி. ஆகவே அது சுழலிப்பொறி. ஓர் எழுத்துதான் கூடுதல்.

பறந்து சோதிப்பவருக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. சுழல்பொறி ஒரு பெரிய பம்பரம். அது பொருத்திய முதல் உலகப் போர் விமானமான சாப்வித் கேமலை வலப்பக்கம் திருப்பினால் மூக்கு தாழும், இடப்பக்கம் திருப்பினால் எழும். விமானி அதற்குத்தான் பழக வேண்டும். சுழலிப்பொறியில் கவலை வேறு. சொந்த விமானங்களில் பலர் பொருத்துவது மாஸ்டா காரின் 13பி. இரண்டு சுழலிகள், 1,308 சிசி. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் தண்டில் புரொப்பெல்லரை நேரே மாட்ட முடியாது, நடுவே வேகம் குறைக்கும் பல்சக்கரப் பெட்டி வேண்டும். அப்புறம் சூடு. முழு விசையில், குறைந்த வேகத்தில் மேலேறும்போதுதான் நீரும் எண்ணெயும் கொதிப்பேறும். கண் வெப்பமானி முட்களை விட்டு நகரக் கூடாது. விமானத்துக்கென அரசுச் சான்று பெறாத இத்தகைய எஞ்சினுக்கு அமெரிக்காவில் வழக்கமாக 40 மணி நேரச் சோதனை, அதுவும் குறித்த எல்லைக்குள். சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் சேர்ந்தால் 25.

முதல் பறப்பை, புதுத் தேருக்குச் சொல்வதுபோல, 'வெள்ளோட்டம்' எனலாம். 40 மணி நேரத்துக்கு அது தாங்காது. அதற்குச் 'சோதனைப் பறப்பு'.

ஒரு சிக்கல் மிச்சம். ஹெலிகாப்டரின் மேல்விசிறிக்கும் 'சுழலி' என்று எழுதுகிறார்கள். அது பேச்சில் வரும் இடத்தில் நான் 'வாங்கெல் பொறி' என்றே எழுதிவிடுவேன்.