வேக்கம்: வெற்றிடமா, தாழமுக்கமா?

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், நுவரெலியா பக்கத்து லொறிக் கராஜ்களில் ‘வேக்கம்’ என்ற ஒரே சொல் மூன்று பொருளில் புழங்குகிறது. “வேக்கத்தக் கழட்டு” என்றால் பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒல்டனேட்டரின் முதுகில் இருக்கும் பம்பு. “வேக்கம் லீக்” என்றால் ஹோஸ், வால்வு, தாங்கி (டாங்க்) எல்லாம் சேர்ந்த தொகுதி. “வேக்கம் புடிக்கல” என்றால் பிரேக் பெடலுக்குக் கிடைக்க வேண்டிய உதவி விசை. பேசுகிறவர் ஒன்றை நினைக்க, கேட்கிறவர் இன்னொன்றை எடுத்துக்கொள்வதால், பத்து அங்குல ஹோஸ் ஒன்றை மாற்றினால் முடிகிற வேலைக்குப் பம்பையே மாற்றிவிடுகிறார்கள்.

சொல்லின் வேர் இலத்தீன். ‘வாக்குவுஸ்’ என்றால் காலியான, வெறுமையான. அதன் அஃறிணை வடிவமே ‘வாக்குவும்’. ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நமது கராஜ்களுக்கு அது ஆங்கிலத்தின் வழியே வந்து, நடு எழுத்துகள் தேய்ந்து வேக்கம் ஆனது. இயற்கை வெறுமையை விடாது என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். 1643இல் இத்தாலியின் டொரிச்செல்லி செய்த பாதரசச் சோதனை அந்த நம்பிக்கையை அசைத்தது. ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கவிழ்த்தபோது அது ஏறத்தாழ 760 மி.மீ. உயரத்தில் நின்றது, அதன் மேல் வெறுமை. பாதரசத்தை அந்த வெறுமை மேலே இழுத்துப் பிடிக்கவில்லை. கிண்ணத்திலுள்ள பாதரசத்தை வெளிக்காற்று அமுக்கியது, அதனால் குழாயில் உள்ளது நின்றது. பிறகு ஜெர்மனியின் ஒட்டோ ஃபொன் கெரிக்கே, இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளிருந்த காற்றை அகற்றி, குதிரைகளைப் பூட்டி இழுக்கவைத்தும் பிரிக்க முடியாததைக் காட்டினார். அங்கேயும் வேலை செய்தது வெளிக்காற்றுதான். லொறிக்கும் இதுவே அடிப்படை: வேக்கம் எதையும் இழுப்பதில்லை. உள்ளே காற்றைக் குறைத்துவிட்டால் வெளியே இருக்கும் காற்று தள்ளுகிறது.

தமிழில் என்ன சொல்வது? பள்ளிப் பாடநூலில் படித்த சொல் ‘வெற்றிடம்’. வெறுமையின் ‘வெறு’ இரட்டித்து வெற்று ஆகி, இடத்தோடு சேர்ந்தது. வெற்றுக் காகிதம், வெற்றுப் பேச்சு, வெறுங்கை, வெறும் வயிறு எல்லாம் அதே வேர். இலத்தீன் மூலத்துக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடையாது. ‘சூனியம்’ என்பதும் வெறுமைதான். ஆனால் அது தோட்டத்து லயத்தில் செய்வினையை நினைவூட்டும் சொல்லாகிவிட்டது, இயந்திரத்துக்கு ஆகாது.

என்றாலும் பிரேக் பெடலுக்கு உதவி விசை கொடுக்கும் பூஸ்டருக்குள் இருப்பது வெற்றிடம் அல்ல. எந்தப் பம்பும் கடைசித் துளிக் காற்றையும் எடுப்பதில்லை. உள்ளே கொஞ்சம் எஞ்சும். அந்த நிலைக்குச் சரியான சொல் ஒன்று ஏற்கனவே நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. வானொலி வானிலைச் செய்தியில் “வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்” என்பார்களே, அதுதான். தாழ்ந்த அமுக்கம், தாழமுக்கம். தமிழ்நாட்டில் அமுக்கத்தை அழுத்தம் என்பார்கள், நமக்கு அமுக்கம். ஆகவே பம்பைத் தாழமுக்கப் பம்பி என்றும், தாங்கியைத் தாழமுக்கத் தாங்கி என்றும் சொல்வதே பொருத்தம். பூஸ்டரின் உள்ளே, வெளிக்காற்று தள்ளும் ரப்பர்த் தகடு இருக்கிறது. கராஜில் அதற்கு டயப்பிரம் என்று பெயர். அதற்கு மென்றகடு என்ற சொல் இருக்கிறது. நம் நெஞ்சுக்கூட்டின் அடியில் மூச்சுக்கு உதவுவது பிரிமென்றகடு என்று உயிரியலில் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அதுவும் தாழமுக்கத்தை உண்டாக்கித்தான் மூச்சை உள்ளே வரவைக்கிறது.

இந்தச் சொல்லாட்சி வெறும் அழகுக்கல்ல என்பது மலையேறியதும் புரியும். கொழும்பில் காற்றின் அமுக்கம் 760 மி.மீ. பாதரசம் என்றால், 1,271 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனில் ஏறத்தாழ 655. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஏறத்தாழ 610. வெளிக்காற்றைவிட உள்ளே அமுக்கம் எவ்வளவு குறைவு என்று அளப்பது மானி. கொழும்பில் அந்த மானியில் 700 காட்டும் நல்ல பம்பு, வெளிக்காற்றில் 92 சதவீதத்தை அகற்றுகிறது. அதே பம்பு ஹட்டனில் 600, நுவரெலியாவில் 560 சுற்றித்தான் காட்டும். “எழுநூறு வரல, பம்பு போச்சு” என்று நுவரெலியாவில் சொல்வது தவறு. அங்கே 700 வரவே வராது, வெளியே இருப்பதே 610தான். மறுபக்கம், பிரேக் உதவி உண்மையாகவே குறையும். 9 அங்குல மென்றகட்டில் 700 மி.மீ. வித்தியாசம் ஏறத்தாழ 390 கிலோ தள்ளும். 560இல் அது 310 கிலோவுக்குச் சற்று மேல். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. பெடல் சற்றுக் கட்டையாகத் தெரிவது இயல்பு, ஆனால் சிறு கசிவைக்கூடப் பொறுத்துக்கொள்ள இடமில்லை.

டீசல் எஞ்சினுக்குப் பம்பு தேவைப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. பெற்றோல் எஞ்சினில் காற்றுவழியை அடைக்கும் தட்டு இருப்பதால் உள்ளிழுக்கும் குழாயிலேயே தாழமுக்கம் உண்டாகும். டீசலில் பொதுவாக அந்தத் தட்டு இல்லை. அதனால்தான் பழைய எல்ஃப், கெண்டர், டைனா லொறிகள் பலவற்றில் ஒல்டனேட்டரோடு பம்பு ஒட்டியிருக்கிறது. எஞ்சின் ஒயில் ஒரு குழாயால் அதற்குள் வந்து, தடித்த இன்னொரு குழாயால் எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்குத் திரும்பும்.

தொகுதியைப் புதுப்பிக்கும்போது முதலில் அளவு பார்க்க வேண்டும், பிறகுதான் கழற்ற வேண்டும். எஞ்சின் சூடான பின், காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வுக்கும் பூஸ்டருக்கும் நடுவே மானியைக் கட்டி 500 மி.மீ. வரை ஏற்றி எஞ்சினை நிறுத்துங்கள். 15 செக்கனில் 25 மி.மீ.க்கு மேல் இறங்கினால் கசிவு உண்டு. ஜப்பானிய லொறிகளின் பழுது நூல்கள் பலவற்றில் இதுவே எல்லை. மானி இல்லாவிட்டால், எஞ்சினை நிறுத்திப் பெடலை ஐந்தாறு முறை மிதித்து அது இறுகியதும், மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். கால் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்பு, ஹோஸ், வால்வு, பூஸ்டர் என்ற வரிசையில் தேடுங்கள்.

ஹோஸ் அதிகம் ஏமாற்றும். வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளடுக்கு உரிந்து நாக்குப்போல அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஹோஸும் சாதாரண எண்ணெய் ஹோஸும் உறிஞ்சலில் தட்டையாகிவிடும். நூல் வேய்ந்த தாழமுக்க ஹோஸ்தான் போட வேண்டும். செக் வால்வில் அம்புக்குறி பம்பைப் பார்க்க வேண்டும். ஊதிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டுமே வழிவிட வேண்டும். இரு பக்கமும் விட்டால் எஞ்சின் நின்றதும் தாங்கியில் சேர்ந்தது எல்லாம் போய்விடும்.

பம்பைத் திறந்தால் சுழலியின் பள்ளங்களில் தகடுகள் தடையில்லாமல் வழுக்க வேண்டும். வளைந்த விளிம்பு வெளியே, உறையைத் தொட வேண்டும். மாற்றிப் போட்டால் உறை கீறும். பழைய தகட்டைப் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தேய்மானம் கண்ணிலேயே தெரியும். ஒ-வளையம் புதிதாகவே இருக்கட்டும். மூடும் முன் 5 மி.லீ. அளவு எஞ்சின் ஒயில் ஊற்றிக் கையால் சுற்றுங்கள். காய்ந்தபடி ஓடினால் முதல் நிமிடத்திலேயே தகடு எரியும். ஒயில் வரும் குழாய் அடைத்தால் தகடு தேயும். திரும்பும் குழாய் அடைத்தால் ஒயில் பம்பில் தேங்கித் தகட்டை முறிக்கும், ஹோஸ் வழியே பூஸ்டருக்கும் போய் மென்றகட்டை ஊறவைத்துக் கெடுக்கும். பூஸ்டரில் எஞ்சின் ஒயில் கண்டால், புது பூஸ்டர் போடும் முன் அந்தத் திரும்பு குழாயைத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

வெளியே எங்கும் ஈரமில்லை, பிரேக் ஒயில் மட்டும் குறைகிறது என்றால், பெடல் மிதியைப் பிரேக் ஒயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் பின் வொஷர் கசிந்து திரவம் பூஸ்டருக்குள் போகிறது. மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்துப் புதுப்பித்தால் மட்டுமே வேலை நிலைக்கும். அதன் ரப்பர்களை பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது, ஊதிப்போகும். பெடல் பக்கத்துச் சிறு வடிகட்டியையும் பாருங்கள். தூசி அடைந்தால் வெளிக்காற்று உள்ளே வரத் தாமதித்து, உதவியும் தாமதமாகும்.

மலைநாட்டு ரயிலிலும் ‘வேக்கம் பிரேக்’ என்பார்கள், ஆனால் அங்கே முறை நேர்எதிர். ரயிலில் தாழமுக்கம் பிரேக்கை விடுவித்து வைக்கிறது. குழாய் அறுந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும். லொறியில் அது போனால் உதவி போகும், அவ்வளவுதான். பல எல்ஃப், கெண்டர்களில், புகைவழியை அடைத்து லொறியை மெதுவாக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்கின் வால்வையும் இதே தாழமுக்கம்தான் மூடுகிறது. ஆக றம்பொடை இறக்கத்திலோ கினிகத்தேனை இறக்கத்திலோ ஒரு ஹோஸ் கழன்றால், கால் பிரேக் கட்டையாகும் அதே நேரத்தில் எக்ஸோஸ்ட் பிரேக்கும் போய்விடும். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி ஓட்டுவதும் அதே ஆபத்து: பம்பு நின்றுவிடும், தாங்கியில் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் போதும்.

ஒல்டனேட்டர் பெல்ட் அறுந்தாலும் பம்பு நிற்கும். ஆகவே மரக்கறியோ கொழுந்தோ ஏற்றி இறங்கும்போது டாஷ் போர்டில் சார்ஜ் விளக்கு எரிந்தால் அதை பற்றரிப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாமல், பெடல் இளக்கமாக இருக்கும்போதே தாழ்ந்த கியருக்கு மாற்றி ஓரத்தில் நிறுத்துங்கள்.