‘எதிர்ப்புக் கட்சி’ எதை எதிர்த்தது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கையில் இருக்கும் ஒரு கையேட்டில், 1831 மார்ச்சில் பிரான்சில் ‘எதிர்ப்புக் கட்சி’த் தலைவர் காசிமிர் பெரியே பிரதமரானார் என்று போட்டிருக்கிறார்கள். படிக்கிறவர் என்ன நினைப்பார்? ஆளுங்கட்சி தோற்றது, எதிர்க்கட்சி ஜெயித்தது என்றுதான். இதே சொல்லை வேறு பல இடங்களிலும் பார்த்தாயிற்று. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்துப் போட்டுக்கொண்டே போகிறார்கள்.

பிரெஞ்சில் அதன் பெயர் ‘பார்த்தி து லா ரெசிஸ்தான்ஸ்’. லத்தீன் ‘ரெசிஸ்தேரே’யிலிருந்து வந்த சொல். நிற்பது, நிறுத்துவது என்பது அதன் அடிப்பொருள். வருவதைத் தடுத்து, இருந்த இடத்திலேயே ஊன்றி நிற்பது. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும், சிக்கல் அங்கே இல்லை.

1830 ஜூலை 27, 28, 29 ஆகிய மூன்று நாள் பாரிஸ் தெருக்களில் சண்டை நடந்து பத்தாம் சார்லஸ் முடியிழந்தார். ஆகஸ்ட் 9 அன்று லூயி பிலிப் பதவியேற்றார். அவருடைய பட்டம் ‘பிரான்சின் அரசர்’ இல்லை, ‘பிரெஞ்சுக்காரர்களின் அரசர்’. சரி, அரசர் மாறிவிட்டார், அடுத்து என்ன? லஃபாயெட், வங்கியாளர் லஃபித், ஒதிலோன் பரோ போன்றவர்கள் இது தொடக்கம்தான், வாக்குரிமை விரிய வேண்டும், சீர்திருத்தம் மேலே போக வேண்டும் என்றார்கள். பெரியே, கீசோ, ப்ரோய் கோமகன் போன்றவர்களோ வந்த இடம் போதும், இதற்கு மேல் ஓரடி நகரக்கூடாது என்றார்கள். புரட்சி என்று எதுவும் நடக்கவில்லை, அரசின் தலைமையில் ஆள் மாறினார், அவ்வளவுதான் என்று பெரியே தம்மிடம் சொன்னதாக பரோ எழுதி வைத்திருக்கிறார். முன்னவர்களுக்கு ‘மூவ்மான்’ என்று பெயர், பின்னவர்களுக்கு ‘ரெசிஸ்தான்ஸ்’.

1830 நவம்பரில் அமைந்த லஃபித் அமைச்சரவை சில மாதங்களில் விழுந்தது. 1831 மார்ச் 13 அன்று பெரியே வந்தார். அதே 1831 நவம்பரில் லியோன் நகரப் பட்டு நெசவாளர்கள் கூலிக்காக எழுந்தபோது படையை அனுப்பி நகரை அடக்கியது அவருடைய அரசுதான். ஆண்டுக்கு 300 பிராங்க் நேர்வரி கட்டியவருக்கே வாக்கு என்றிருந்ததை 200 ஆகக் குறைத்தார்கள். மூன்று கோடிக்கும் மேலான மக்களில் வாக்காளர்கள் ஏறக்குறைய 1,66,000 பேர். அதற்கு மேல் கேட்டபோது கதவு திறக்கவில்லை. ஆக, இவர்கள் அரசை எதிர்த்தவர்கள் இல்லை, இவர்களேதான் அரசு. ஊர்வலத்தில் வந்தவர்களையும் அவர்களைத் தடுத்து நின்ற காவலரையும் ஒரே பெயரால் அழைத்தால் எப்படியோ, அப்படி இருக்கிறது ‘எதிர்ப்புக் கட்சி’.

உடனே ஒருவர் கேட்பார்: ‘நோய் எதிர்ப்பு’ என்கிறோமே, அங்கே எதிர்ப்பு என்றால் தாங்கி நிற்பதுதானே? உண்மை. ஆனால் அங்கே ‘நோய்’ முன்னால் நின்று பொருளைக் கட்டிப்போடுகிறது. அரசியல் செய்தியில் ‘எதிர்ப்பு’ என்று தனியாகச் சொன்னால் தமிழ்க் காதுக்கு அது அரசுக்கு எதிரான குரல். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைக்கு எதிராக மறைந்து போராடிய பிரெஞ்சுக்காரர்களுக்கும் ‘ரெசிஸ்தான்ஸ்’ என்றே பெயர். அவர்களுக்கு ‘எதிர்ப்பு இயக்கம்’ கச்சிதமாகப் பொருந்தும். அங்கே பொருந்தியதை அப்படியே நூறாண்டு பின்னால் கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். அகராதியில் முதலில் இருக்கும் சொல்லை எடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் இப்படித்தான்.

இன்னொரு கூட்டம் ‘பழமைவாதக் கட்சி’ என்று எழுதுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைய பிரான்சில் பழமையை விரும்பியவர்கள் வேறு ஆட்கள். விரட்டப்பட்ட பத்தாம் சார்லஸின் குடும்பமான பூர்போன் மூத்த கிளையே திரும்ப வர வேண்டும் என்று நின்ற ‘லெஜிதிமிஸ்த்’ அணியினர் அவர்கள். பெரியேயும் கீசோவும் 1830 மாற்றத்தால் மேலே வந்தவர்கள், அந்த ஆண்டில் திருத்திய அரசியல் சாசனத்தைக் காக்க நின்றவர்கள். 1840-களில் கீசோ பக்கத்தவரை ‘கொன்சர்வத்தேர்’ என்று அழைத்தார்கள் என்பது சரிதான். அதற்கும் ‘பேணுவோர்’ போதும். பேணுவது நேற்று வந்ததாகவும் இருக்கலாம்.

அப்புறம் ‘தடை’. இயற்பியல் பாடத்தில் ரெசிஸ்டன்ஸுக்கு மின்தடை என்று படிக்கிறோம். அதே மின்தடைதான் செய்தித்தாளில் கரண்ட் போவதற்கும். ‘தடைக் கட்சி’ என்றால் தடை செய்யப்பட்ட கட்சி என்று படிப்பார்கள். ‘தடுப்பணி’ நெருங்கி வருகிறது, ஆனால் அச்சில் ஓர் எழுத்து பிசகினால் தடுப்பணை ஆகிவிடும், பொதுப்பணித்துறைக்குப் போய்விடும். ‘தடுப்போர் அணி’ என்பதே என் பரிந்துரை. முதல்முறை வரும்போது ‘புரட்சி மேலும் நகராமல் தடுப்போர்’ என்று விரித்துச் சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை.

எதிரணியை ‘இயக்கக் கட்சி’ என்பதும் இதே கோளாறுதான். இயக்கம் என்றால் நமக்கு அமைப்பு. ஈழத்தில் அதற்கு இன்னும் கனமான பொருள். அந்த ‘மூவ்மான்’ வெறும் நகர்வு. தடுப்போருக்கு எதிரே நகர்வோர் என்று வைத்தால் இரண்டு சொல்லும் ஒன்றையொன்று விளக்கிக்கொள்ளும்.

‘கட்சி’யை நான் வேண்டுமென்றே விட்டேன். வக்கீல்கள் இன்றும் ‘என் கட்சிக்காரர்’ என்கிறார்களே, வழக்கில் ஒரு பக்கம் என்ற அந்தப் பழைய பொருள் வாழ்ந்திருந்தால் பயன்படுத்தலாம். இன்று கட்சி என்றால் கொடி, சின்னம், உறுப்பினர் அட்டை. தடுப்போரிடம் இவை எதுவும் கிடையாது. அவையில் சேர்ந்து வாக்களித்தவர்கள், பத்திரிகையில் சேர்ந்து எழுதியவர்கள், அவ்வளவே. 1832 அமைச்சரவையில் கீசோவோடு உட்கார்ந்திருந்த தியேர் பிறகு இடதுக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட அணிப் பக்கம் போனதை ‘கட்சி தாவினார்’ என்று எழுதுவது அதனால்தான் அபத்தம். பிரதமர் மோலேயின் அமைச்சரவையைக் கவிழ்க்க 1839-இல் கீசோ, தியேர், பரோ மூவரும் கைகோத்ததைச் சொல்லும்போது கையேட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? ‘எதிர்ப்புக் கட்சி’த் தலைவர் எதிர்க்கட்சி வரிசைக்குப் போய்விட்டார் என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.