பாலை நிறுத்திய பின் எலும்புக்கு என்ன கிடைக்கிறது?

நடத்தை மேம்படும் என்ற நம்பிக்கையில் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பால் பொருட்களை நிறுத்திச் சில மாதங்கள் ஆனதும், மனம் கேட்காமல் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கும் பெற்றோர் உண்டு. 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்குக் கால்சியம் 9.5 மில்லிகிராம் என்று அறிக்கை வரும். இயல்பான அளவுதான், கவலை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் குழந்தைக்கு உணவில் போதிய கால்சியம் கிடைக்கிறதா என்ற கேள்விக்கு அந்த எண் பதிலே அல்ல. தேவையில் பாதி மட்டும் கிடைக்கும் குழந்தைக்கும் பெரும்பாலும் அதே எண்தான் வரும்.

உடலிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதமுள்ள 1 சதவீதத்தை நம்பித்தான் இதயம் துடிக்கிறது, தசை சுருங்குகிறது, நரம்பு வேலை செய்கிறது. அதனால் ரத்தத்தில் அந்த அளவு சரிய உடல் விடுவதில்லை. கழுத்தில் தைராய்டுக்குப் பின்புறம் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் ஓயாமல் அதைக் கண்காணிக்கின்றன. சற்றுக் குறைந்தாலே ஒரு ஹார்மோன் சுரக்கிறது. அது சிறுநீரில் கால்சியம் வீணாகாமல் தடுக்கிறது. வைட்டமின் டியைச் செயலூக்கம் பெறச் செய்து, உணவிலிருந்து கூடுதலாக உறிஞ்சும்படி குடலைத் தூண்டுகிறது. உணவிலேயே கால்சியம் இல்லையென்றால் எஞ்சியிருப்பது எலும்புதான். ஹார்மோனின் தூண்டுதலால் சில செல்கள் எலும்பின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அமிலத்தைச் சுரந்து, தாதுவைக் கரைத்து ரத்தத்துக்குள் அனுப்புகின்றன. அறிக்கையில் எண் மாறாது, எலும்பு மெலியும். வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ஆகியவற்றின் அளவுகள் ஓரளவு துப்புக் கொடுக்கும். அவற்றைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதை எக்ஸ்ரேயில் காட்டியது. ஆட்டிசம் உள்ள, 4 முதல் 8 வயது வரையிலான 75 சிறுவர்களின் உள்ளங்கை எலும்பின் கெட்டியான வெளி அடுக்கை அளந்தார்கள். பாலின் கேசீன் புரதத்தை விலக்கிய சிறுவர்களுக்கு அதன் தடிமன் வழக்கமான அளவைவிடச் சராசரியாக 19 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய உணவுக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கும் சுமார் 10 சதவீதம் குறைவு. எனவே பாலை விலக்கியது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நிறம், மணம், வாயில் படும் தன்மை பார்த்து விரல்விட்டு எண்ணக்கூடிய உணவுகளை மட்டும் ஏற்கும் குழந்தைகள் இவர்களில் பலர். அந்தச் சிறு பட்டியலில் பால் இருந்து, அதையும் எடுத்துவிட்டால் இழப்பு மிகப் பெரியது.

கேசீனும் கோதுமையிலுள்ள குளூட்டனும் செரிமானத்தின்போது மூளையைப் பாதிக்கும் துணுக்குகளாக உடைகின்றன என்ற ஊகத்திலிருந்துதான் இவற்றை விலக்கும் உணவுமுறை பரவியது. பெற்றோருக்கும் குழந்தைக்கும் எந்த உணவு என்று தெரியாதபடி கவனமாக நடத்திய சிறு ஆய்வுகளில் நடத்தையில் தெளிவான மாற்றம் தென்படவில்லை. பால் ஒவ்வாமை உள்ள குழந்தையின் நிலை வேறு. அங்கே பாலை விலக்கியே ஆக வேண்டும். மற்றபடி, பலன் உறுதியாகாத ஒன்றுக்காக எலும்பைப் பணயம் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விலக்கத்தான் போகிறோம் என்றால் ஈடுகட்டும் வழியோடு விலக்க வேண்டும்.

எவ்வளவு ஈடுகட்டுவது? அமெரிக்கப் பரிந்துரைப்படி 1 முதல் 3 வயது வரை நாளொன்றுக்கு 700 மில்லிகிராம், 4 முதல் 8 வயது வரை 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 240 மில்லிலிட்டர் பசும்பாலில் சுமார் 300 மில்லிகிராம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குடல் உறிஞ்சுகிறது. பசலைக்கீரையிலும் கால்சியம் நிறைய உண்டு. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் 5 சதவீதம் அளவுக்குத்தான் உடலில் சேர்கிறது. கால்சியம் உப்பால் உறையவைத்த டோஃபு (சோயா பன்னீர்) ஏறக்குறையப் பாலுக்குச் சமமானது. பாதாம் பால், அரிசிப் பால் போன்றவற்றில் கால்சியம் சேர்த்திருந்தால்தான் பயன். வீட்டில் அரைத்தெடுத்ததில் மிகக் குறைவு. கால்சியம் சேர்த்த சோயா பாலிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுவதும் ஊற்றிய பிறகு பெட்டியின் அடியைப் பாருங்கள்: வெண்மையான பொடி படிந்திருக்கும். சேர்த்த கால்சியம் அங்கேதான் தங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

தினமும் மல்டிவைட்டமின் கொடுக்கிறோமே என்பவர்கள் அதன் லேபிளைப் படிக்க வேண்டும். 1000 மில்லிகிராம் கால்சியம் தர 2.5 கிராம் கால்சியம் கார்பனேட் வேண்டும். மற்ற சத்துகளோடு அவ்வளவும் ஒரு சிறு மாத்திரைக்குள் அடங்காது. ஆகவே அதில் பெயருக்குத்தான் கால்சியம் இருக்கும். தனியாகக் கால்சியம் கொடுக்க மருத்துவர் சொன்னால், ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பிரித்துக் கொடுப்பதே பலன் தரும். கார்பனேட்டை உணவோடு கொடுக்க வேண்டும்; அது மலச்சிக்கலைக் கூட்டலாம். இரும்புச் சத்து மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். வலிப்பு மருந்து எடுக்கும் குழந்தையாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஃபெனிடாயின், பீனோபார்பிட்டல் போன்றவை வைட்டமின் டியைச் சீக்கிரம் சிதைத்துவிடும். பிறகு எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் குடல் சரியாக உறிஞ்சாது.

இத்தனை திட்டமும் குழந்தை வாய் திறந்தால்தான் நடக்கும். பலர் பாலை ஒரே நாளில் நிறுத்திவிட்டு மறுநாள் அதே டம்ளரில் சோயா பாலை நீட்டுகிறார்கள். மணம் மாறியதைக் குழந்தை உடனே கண்டுபிடித்துத் தள்ளிவிடுகிறது. சில குழந்தைகள் அந்த டம்ளரையே வெறுத்துவிடுகிறார்கள். ஒவ்வாமை இல்லையென்றால், பாலை நிறுத்துவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே வழக்கமான பாலில் ஒரு தேக்கரண்டி மாற்றுப் பானத்தைக் கலந்து தொடங்கலாம். குழந்தை அதை ஏற்றுக்கொண்ட பிறகே அடுத்த தேக்கரண்டி. டம்ளரில் முழுவதும் மாற்றுப் பானம் ஆகும் வரை பாலை நிறுத்த வேண்டாம்.