தட்டினால் சிவக்கும் கோப்பை

‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் 1992-இல் வந்த ஒரு எபிசோட். விண்கப்பலின் ஆலோசகர் டியானா ட்ராய், முப்பரிமாணச் சதுரங்கத்தில் டேட்டாவைத் தோற்கடிக்கிறார். டேட்டா மனிதனல்ல, ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ ரோபோ, மூளையே கணினி. அதைச் சதுரங்கத்தில் ஜெயித்தவருக்குப் பரிசாக ஒரு காக்டெய்ல் கிடைக்கிறது. பெயர் சமேரியன் சன்செட். கோப்பைக்குள் இருப்பது வெறும் தண்ணீர் போலத்தான் தெரியும். விளிம்பை விரலால் தட்டியதும் உள்ளே அந்தி வானத்தின் நிறங்கள் பரவிவிடும்.

சில நொடிக் காட்சிதான். படப்பிடிப்புத் தந்திரம் என்பதும் தெரியும். ஆனாலும் இதை நிஜத்தில் கலக்க முடியுமா என்ற கேள்வி என்னை விடவில்லை.

நிறம் மாறும் பானம் என்றால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது சங்குப்பூ டீ. நீலமாக இருப்பதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும், இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பாகும். அழகுதான், ஆனால் நமக்கு உதவாது. அங்கே புளிப்பு என்று ஒன்றைப் புதிதாகச் சேர்க்கிறோம். ட்ராயின் கோப்பையில் யாரும் எதையும் சேர்க்கவில்லை, தட்டியதோடு சரி. ஆக, அந்தத் திரவம் மாறுவதற்குத் தயாராக, ஒரு சாக்குக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அப்படிக் காத்திருக்கும் திரவங்கள் உண்டு. ஃப்ரீசரில் வைத்து மறந்துபோன தண்ணீர் பாட்டில் ஒன்றை நான் எடுத்தபோது உறையாமல் தெளிவாகவே இருந்தது. மேசையில் ‘டொக்’கென்று வைத்தேன். மேலிருந்து கீழே வெண்மை ஓடி, பாட்டில் முழுக்கப் பனிக்கூழாகிவிட்டது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீர் உறைந்தே தீரும் என்பதில்லை. உறைய வேண்டுமானால் முதலில் எங்காவது ஒரு குட்டிப் படிகம் பிறக்க வேண்டும். தூசு இல்லை, கீறல் இல்லை, அசைவும் இல்லை என்றால் அந்த முதல் படிகம் பிறக்காது. தண்ணீர் திரவமாகவே இன்னும் குளிர்ந்துகொண்டு போகும். ஒரு அதிர்ச்சி போதும், எங்கோ ஓர் இடத்தில் மூலக்கூறுகள் வரிசைகட்டிவிடும். மற்றவை அதைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளும்.

குளிர்தேசங்களில் கையைச் சூடேற்றிக்கொள்ள விற்கும் ஜெல் பைகளிலும் இதே கதை. உள்ளே சோடியம் அசிடேட் என்ற உப்பு மீதெவிட்டிய கரைசலாக, அதாவது தண்ணீர் தாங்கும் அளவுக்கு மேல் கரைந்து இருக்கும். 58 டிகிரியில் உருகும் அந்த உப்பு, அறை வெப்பத்திலும் உறையாமல் கிடக்கும். உள்ளிருக்கும் சின்ன உலோகத் தகட்டை ‘க்ளிக்’ என்று மடக்கினால் அங்கிருந்து படிகம் கிளம்பிப் பை முழுக்கப் பரவும், பையும் சூடாகும்.

பாரில் ஒருவர் பீர் பாட்டிலின் வாயில் இன்னொரு பாட்டிலால் தட்டி, நுரையைப் பொங்கவிட்டுக் கலாட்டா செய்வதும் இதற்கு உறவுதான். மாட்ரிட் கார்லோஸ் மூன்றாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதை உட்கார்ந்து ஆராய்ந்து 2014-இல் கட்டுரையே எழுதினார்கள். தட்டிய அதிர்வு கண்ணாடி வழியே போய் பீருக்குள் அழுத்த அலைகளாகிறது. ஏற்கெனவே இருக்கும் குட்டிக் குமிழிகள் அதில் சுருங்கி நொறுங்கி ஏராளமான நுண்குமிழிகளாகின்றன. ஒவ்வொன்றிலும் கரியமில வாயு வந்து சேர, நுரை மேலே பாய்கிறது.

சரி, தட்டுவதற்கு வழி கிடைத்துவிட்டது. நிறம்?

வேதியியலில் ‘ஓல்ட் நாசாவ்’ (Old Nassau) என்றொரு வினை உண்டு. நிறமற்ற கரைசல்களைக் கலந்துவிட்டுக் காத்திருந்தால், சில நொடிகளில் திடீரென்று முழுவதும் ஆரஞ்சாகும். அடுத்த சில நொடிகளில் மையிருட்டு. ஆரஞ்சும் கறுப்பும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் நிறங்கள். பெயர் அங்கிருந்துதான் வந்தது. அந்தியும் இரவும் ஒரே குவளையில்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆரஞ்சு, மெர்குரிக் அயோடைடு. பாதரசச் சேர்மம். குடித்தவருக்கு அதுவே கடைசி அந்தி.

சாயத்தையே தேடிக்கொண்டிருந்ததுதான் என் தவறு என்று பிறகு தோன்றியது. அந்தி வானத்தில் சாயம் எங்கே இருக்கிறது? காற்றில் சிவப்பு எதுவும் கரைந்திருக்கவில்லை. சூரிய ஒளியில் நீலம்தான் காற்றின் மூலக்கூறுகளில் பட்டு அதிகமாகச் சிதறும். அலைநீளம் குறையக் குறையச் சிதறல் நான்காம் அடுக்கில் ஏறும் என்பது இயற்பியலாளர் ராலே கண்ட விதி. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. மாலையில் ஒளி நீண்ட தூரம் காற்றைத் துளைத்து வரும்போது நீலமெல்லாம் வழியிலேயே சிதறிப்போய், மிச்சம்தான் நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். உயரமான கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் சில சொட்டுப் பால், இருட்டறை, பின்னால் செல்போன் டார்ச். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் தண்ணீர் லேசான நீலம். நேராக டார்ச்சைப் பார்த்தால் விளக்கு மஞ்சள். இன்னும் சில சொட்டு விட்டால் ஆரஞ்சு, பிறகு செம்மை. தண்ணீர் கலந்த பால் நீலம் பாய்ந்து தெரிவதும் இதனால்தான். பால்காரரிடம் சண்டை போடுகிறவர்களுக்கு ராலேயின் விதி பழக்கமானதுதான். பாலில் உள்ள கேசின் புரதத் துகள்கள் சுமார் 150 நானோமீட்டர் அளவுதான். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை என்பதால் நீலத்தைப் பொறுக்கிச் சிதறடிக்கின்றன.

ஆக, நமக்கு வேண்டியது தெளிவான ஒரு மது. தட்டியதும் அதில் நுண்துகள்கள் பிறக்க வேண்டும்.

கிரேக்கர்களின் ஊஸோ இதற்குப் பக்கத்தில் வருகிறது. சோம்பு வாசனை வீசும் தெளிந்த சாராயம் அது. தண்ணீர் ஊற்றினால் பாலாகிவிடும். வாசனைக்குக் காரணமான அனெத்தோல் என்ற எண்ணெய், ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் கூடினதும் அது கரைசலை விட்டு விலகிக் கோடிக்கணக்கான நுண்துளிகளாகிறது. இன்னொரு குணமும் உண்டு: சுமார் 21 டிகிரிக்குக் கீழே தூய அனெத்தோல் படிகமாகிவிடும். பிரான்ஸின் சோம்பு மதுவான பாஸ்டிஸ் பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதே என்பது இதனால்தான். உள்ளே செதில் செதிலாகப் பிரிந்து நிற்கும்.

என் ஊகச் சமையல் குறிப்பு இது. அனெத்தோல் நிறைந்த மதுவைத் தூசு தும்பு இல்லாமல் வடிகட்டி, துளியும் அசைக்காமல் மெல்லக் குளிரவைக்க வேண்டும். ஜெல் பையின் உப்பைப் போல அதுவும் பிரியாமல் தாக்குப்பிடித்தால், தட்டியதும் உள்ளே மூட்டம் எழும். கோப்பைக்குப் பின்னால் ஒரு வெள்ளை விளக்கு இருந்தால் அந்தி வந்துவிடும். நான் செய்து பார்க்கவில்லை. அந்தக் கப்பலில் பரிமாறுவது பெரும்பாலும் ஆல்கஹாலுக்கு மாற்றான சிந்தஹால். அனெத்தோல் அதில் கரையுமா என்பதை 24-ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரே சிக்கல் நேரம். பிறந்த துகள்கள் சும்மா இருப்பதில்லை, ஒன்றைத் தின்று ஒன்று பருக்கும். அலைநீளத்தைத் தாண்டிவிட்டால் எல்லா நிறத்தையும் ஒரேயளவு சிதறடிக்கும், மேகத்தைப் போல. அந்தி மோராகிவிடும். ட்ராய் சீக்கிரமாகக் குடித்துவிடுவது நல்லது.