கறுப்பு மணலைப் பார்த்துப் பயப்படுகிறோம், வெள்ளை மணலை நம்பிவிடுகிறோம்

கடற்கரை மணலைச் சோதிப்பதுதான் என் வேலை என்று தெரிந்ததும் பலரும் கேட்கிற முதல் கேள்வி, “கோடு கோடாகக் கறுப்பு மணல் கிடக்கிறதே, அது ஆலைக் கழிவா?” என்பதுதான். பெரும்பாலும் இல்லை. இல்மனைட், மேக்னடைட் போன்ற கனமான தாதுக்கள் அவை. லேசான மணலை அலை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது கரையிலேயே தங்கிவிடும். முறத்தில் புடைப்பது மாதிரிதான். காந்தத்தைக் காட்டினால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். டைட்டானியம், குரோமியம் எல்லாம் அதில் கூடுதலாகவே இருக்கும். ஆனால் தாதுவுக்குள் பூட்டிக் கிடப்பதால் எளிதில் கரைந்து வெளியே வராது. (மோனசைட் என்ற தாது கலந்த மணலில் கதிர்வீச்சு உண்டு. அது வேறு கதை.)

என் கவலை கண்ணுக்குத் தெரியாத பொடியைப் பற்றியது. சுத்தமான மணலில் ஈயமோ காட்மியமோ அதிகம் ஒட்டாது. மணலுக்கு இடையில் கிடக்கும் வண்டலில்தான் ஒட்டும். 63 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள், அவற்றின் மேல் படிந்திருக்கும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள், மக்கிய உயிர்ப்பொருள் ஆகியவைதான் உலோகத்தைப் பிடித்து வைக்கின்றன. அதனால் மணலை அப்படியே சோதித்தால் எண் சின்னதாக வரும். அதையே சலித்து, கீழே விழுந்த பொடியை மட்டும் சோதித்தால் எண் ஏறிவிடும். இரண்டுமே பொய்யில்லை. எதைச் சோதித்தோம் என்று சொல்லாத அறிக்கையைத்தான் நம்பக் கூடாது.

பொடியின் அளவு இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அலுமினியத்தையும் சேர்த்து அளப்போம். அங்கே களிமண் எவ்வளவு என்பதை அது காட்டிக்கொடுக்கும். ஈயமும் அலுமினியமும் சேர்ந்தே ஏறினால் களிமண் அதிகம், அவ்வளவுதான். ஈயம் மட்டும் தனியே ஏறினால் காரணத்தைத் தேட வேண்டும்.

ஒருமுறை அப்படித் தனியே ஏறியது. சலிக்காத மணல், ஒரே குழியில் எடுத்த மூன்று மாதிரிகள். இரண்டு சாதாரணம், மூன்றாவதில் ஈயம் எங்கேயோ போய் நின்றது. கருவிக் கோளாறாக இருக்கும் என்று மறுபடி ஓட்டினோம். அதே எண். சரி என்று பையில் மிச்சமிருந்த மணலை வெள்ளைத் தட்டில் பரப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நாலைந்து ஆரஞ்சுச் செதில்கள், ஒவ்வொன்றும் கடுகில் பாதிகூட இருக்காது. பழைய ஈயப் பெயிண்ட். மாதிரி எடுத்த இடத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் படகுகளைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிறார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் மணலை அள்ளியிருக்கிறேன்! புதுப் பெயிண்டில் சிக்கல் வேறு: படகில் பாசி பிடிக்காமலிருக்க ட்ரைபியூட்டைல்டின் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த பெயிண்டுகளுக்கு 2008-இல் உலகளவில் தடை அமலுக்கு வந்தபின், அதே வேலைக்குச் செம்பையே பெரிதும் நம்புகிறார்கள். படகுத் துறைகளின் வண்டலில் அந்தச் செம்பு சேர்கிறது.

கடற்கரையே கழிவாகிப் போன இடங்களும் உண்டு. ஸ்பெயினின் போர்ட்மான் விரிகுடாவில் 1957 முதல் 1990 வரை 5 கோடி டன்னுக்கும் மேல் சுரங்கக் கழிவைக் கொட்டினார்கள். விரிகுடா தூர்ந்து, கரைக்கோடு அரைக் கிலோமீட்டர் கடலுக்குள் நகர்ந்துவிட்டது. சிலி நாட்டின் சன்யராலில் செம்புச் சுரங்கக் கழிவால் உருவான கடற்கரையும் அப்படித்தான். விஷயம் தெரியாதவர்கள் அதை நல்ல அகலமான கடற்கரை என்றுதான் சொல்வார்கள்.

அப்படியென்றால் மணலில் கால் வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். மணலில் இருக்கும் உலோகம் தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. வாய்தான் வழி. படகு சுரண்டும் இடத்திலும் கழிவுநீர் வாய்க்கால் கடலில் சேரும் இடத்திலும் குழந்தைகளை மணலில் விளையாட விடாதீர்கள். ஈயத்தில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஓர் அளவே கிடையாது. அங்கே மட்டி பொறுக்கவும் வேண்டாம். அது தண்ணீரை வடிகட்டியே வாழ்கிற உயிர். உலோகத்தை உடம்பில் சேர்த்து வைத்திருக்கும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது.

அப்புறம், மணலில் விளையாடிய பிள்ளை கையைத் தட்டிவிட்டுத் தின்பண்டத்தை எடுக்கும். தட்டினால் விழுவது பெரிய மணல்தான். நாங்கள் சலித்து எடுக்கிற அந்தப் பொடி விரல் ரேகைக்குள்ளேயே ஒட்டியிருக்கும், கழுவினால்தான் போகும்.