சோலார் மானியத்த கழிச்சுக்கிட்டு காசு கேக்குறவங்ககிட்ட உஷாரா இருங்க

இந்த மாசமும் ஒருத்தர் வந்தாரு. மாடில 3 கிலோவாட் பேனல் போட்டாச்சு, மானியம் வரல, போட்டுக்குடுத்தவரு இப்ப 78,000 ரூபாய நீங்களே குடுங்கன்னு நிக்கிறாராம். "மானியத்த கழிச்சுதான சார் ரேட் சொன்னாரு"ன்னு கேக்குறாரு. இத கேட்டு கேட்டு எனக்கு அலுத்துப்போச்சுங்க.

2024 பிப்ரவரில வந்த பிஎம் சூர்ய கர்ங்கிற மத்திய அரசோட மாடி சோலார் திட்டத்துல மானியம் வீட்டுக்காரரோட பேங்க் கணக்குக்குத்தான் வரும். அதுவும் எப்போ? திட்டத்தோட போர்ட்டல்ல (வெப்சைட்ல) அப்ளை பண்ணி, பேனல் மாட்டி, நெட் மீட்டர் (ஈபிலருந்து வர்ற கரண்டையும் நாம திருப்பி அனுப்புற கரண்டையும் அளக்குற மீட்டர்) வச்சு, ஈபி ஆளுங்க வந்து பாத்து ஓகே சொன்னதுக்கு அப்பறம். அதுக்கு முன்னாடி அந்த காசு யார் கையிலயும் இல்ல. இல்லாத காச ஒருத்தர் கழிச்சுக்கிறேன்னா, அது அவரு குடுக்குற வாக்கு மட்டும்தான், அரசாங்கம் குடுத்தது இல்ல. மானியம் நின்னுபோச்சுன்னா யாரு பொறுப்புன்னு பேப்பர்ல எழுதி வாங்கினீங்களா? யாரும் வாங்குறதில்ல. "இலவச மின்சாரம்"னு திட்டத்துக்கு பேர் வச்சதுல, மொத்த செலவும் கவர்மெண்ட்டுதுன்னு நெனச்சுட்டு வேற வர்றாங்க.

இவருக்கு ஏன் வரலன்னு மாடிக்கு ஏறி பாத்தா, பேனல் பின்னாடி 'மேட் இன் இந்தியா'ன்னு ஸ்டிக்கர் பளிச்சுன்னு இருக்கு. பேனல் இங்க சேத்ததுதான், உள்ள இருக்குற செல், அதாவது வெயில கரண்டா மாத்துற சில்லு, வெளிநாட்டு சரக்கு. செல்லும் இங்கயே செஞ்சிருந்தாதான் டிசிஆர் பேனல், அதுக்குத்தான் மானியம். டிசிஆர் இல்லாதது வெல கம்மி, அதான் சிலர் அத தள்ளிவிடுறாங்க. சீரியல் நம்பரோட டிசிஆர் சர்டிபிகேட் கேளுங்க, நம்பர பேனலோட ஒத்து பாத்துட்டு மாட்ட விடுங்க.

மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபா, 2க்கு 60,000, 3க்கு 78,000, அதோட சரி. 5 போட்டாலும் அதே 78,000தான், மானியத்துக்காக பெருசா போடாதீங்க. 1 கிலோவாட் ஒரு நாளைக்கு சுமாரா 4 யூனிட் தரும், உங்க பில்ல பாத்து கணக்கு போடுங்க.

ஈபி இணைப்பு இன்னும் காலமான அப்பா பேர்லயே இருந்தா தயவுசெஞ்சு மொதல்ல பேர மாத்திடுங்க, அப்பறமா அப்ளை பண்ணுங்க. போர்ட்டல்ல பதிவாகாத ஆளுங்ககிட்ட வேலைய குடுக்காதீங்க.

அப்பறம், பேட்டரி இல்லாத ஆன்கிரிட் சோலார் (ஈபி லைனோட சேந்து ஓடுறது), ஈபி கரண்ட் போனா தானா நின்னுரும். லைன்ல வேல பாக்குற ஆளுக்கு ஷாக் அடிக்கக்கூடாதுன்னு வச்ச ஏற்பாடு அது. பவர்கட்டுல ஃபேன் ஓடலன்னு ராத்திரி எனக்கு போன் போட்டு திட்டாதீங்க.