மேகசினுக்குள் கொதிக்கும் புரோப்பேன்

வாயு அழுத்தத்தில் சின்ன பிளாஸ்டிக் குண்டைச் சுட்டு, நிஜம் போல உதைக்கும் கேஸ் புளோபேக் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளை ரிவியூ செய்கிறவர்கள் வேகம், குறி, உதைப்பு எல்லாவற்றையும் அளந்து சொல்கிறார்கள், ஆனால் அன்றைக்கு வெயில் எவ்வளவு என்பதைப் பலர் சொல்வதே இல்லை. அது தெரியாவிட்டால் மற்ற எண்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சுங்கை சிப்புட்டில் என்னிடம் இயற்பியல் டியூஷனுக்கு வரும் பையன் ஒருவன் கேட்டான்: "சார், ஒரே மோடல்தான். ஒருத்தர் பிச்சு உதறுதுங்கிறார், இன்னொருத்தர் பத்து குண்டு அடிச்சதும் படுத்துருதுங்கிறார். யார் சொல்றது உண்மை?" இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

அதற்கு முன்னால் ஒன்று. மலேசியாவில் இதை விளையாட்டுச் சாமானாகப் பார்க்க மாட்டார்கள். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இது போலித் துப்பாக்கி, வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு வரும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று தம்பிகள் யாரும் ஆர்டர் போட்டுவிட வேண்டாம். நான் பிரித்துப் பார்த்ததும் தைவானில் வேலை செய்யும் மாமா மகனின் வீட்டில்தான், அங்கே இது அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? குண்டுகளை அடுக்கும் மேகசினின் கணிசமான பகுதி ஒரு சின்ன கேஸ் தோம்புதான். அடியில் திரவம், மேலே ஆவி. டிரிகரை இழுத்தால் ஹேமர் என்ற சிறு சுத்தியல் போய் வால்வைத் தட்டும், வால்வு திறந்து ஆவி, குண்டுக்குப் பின்னால் இருக்கும் நாசில் என்ற சிறு குழலுக்குள் பாயும். அந்த நாசிலுக்குள்தான் சூட்சுமமே இருக்கிறது. சுண்டுவிரல் நுனி அளவு ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதற்கு ஒரு மெல்லிய ஸ்பிரிங். மிதக்கும் வால்வு என்கிறார்கள். முதலில் அது பின்னால் இருக்கும், முன்பக்கப் பாதை திறந்திருக்கும், ஆவி நேராகப் போய் குண்டைத் தள்ளும். குண்டு குழாயைக் கடந்ததும் முன்பக்க அழுத்தம் சட்டென்று விழும், உடனே மிதக்கும் வால்வு முன்னால் நகர்ந்து பாதையை அடைத்துவிடும். முன்னால் வழியில்லாத ஆவி அப்புறம் போல்ட் என்ற, முன்னும் பின்னும் நகரும் கனமான பாகத்தைப் பின்னால் உதைக்கும். தோளில் தெரிகிற உதைப்பு அதுதான். பின்னால் போன போல்ட் ஹேமரை மறுபடி நிமிர்த்தி, ஸ்பிரிங் தள்ள முன்னால் வந்து அடுத்த குண்டைக் குழாய்க்குள் ஏற்றும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில். பேட்டரியோ மின்சாரமோ இல்லாமல் ஒரே ஒரு ஊதலை இரண்டு வேலைக்குப் பங்கு போடுகிற இந்த ஏற்பாட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

இப்போது வெயில். இந்தத் துப்பாக்கிகளில் நிரப்ப கிரீன் கேஸ் என்று விற்பது பெரும்பாலும் கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெய் கலந்த புரோப்பேன்தான். மேகசினுக்குள் ஒரு சொட்டுத் திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டுமே, எவ்வளவு நிரப்பினோம் என்பதல்ல. புரோப்பேனின் ஆவி அழுத்தம் 10 டிகிரியில் ஏறக்குறைய 6.4 பார், 20-ல் 8.4, 30-ல் 10.8 (பார் என்பது அழுத்தத்தின் அலகு, ஒரு பார் என்றால் கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). தைப்பேயின் குளிர்காலக் காலைக்கும் நம் ஊர் மத்தியான வெயிலுக்கும் நடுவே அதே துப்பாக்கியின் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் மாறுகிறது. ஜப்பானில் தோக்கியோ மருய் போன்ற தயாரிப்பாளர்கள் ஆர்-134ஏ வாயுவை மனதில் வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். 20 டிகிரியில் அதன் அழுத்தம் 5.7 பார்தான். 6 மில்லிமீட்டர் குண்டுக்கு அங்கே சட்டம் விட்டிருக்கும் ஆற்றலும் சுமார் 0.98 ஜூல்தான். அந்த அளவுக்குச் செய்த மென்மையான பாகங்களில் 30 டிகிரி புரோப்பேனை ஏற்றினால் கிட்டத்தட்ட இரட்டிப்பு அழுத்தம், முதலில் பெரும்பாலும் நாசில்தான் விரிசல் விடும்.

வெளியே வெயில் அடித்தாலும் மேகசின் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும் என்பது அடுத்த சிக்கல். இரவுச் சந்தையில் மீ கோரெங் போடுகிறவரின் கேஸ் தோம்பைக் கவனித்திருக்கிறீர்களா? பெரிய அடுப்பு எரியும்போது தோம்பின் கீழ்ப்பகுதி வியர்த்திருக்கும், ஒரு மட்டத்துக்கு மேலே காய்ந்திருக்கும். அந்தக் கோடுதான் உள்ளே திரவம் நிற்கும் மட்டம். திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள உலோகத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது, ஈரக்காற்று அங்கே நீராகப் படிகிறது. மேகசினிலும் இதே கதைதான். ஒரு கிராம் புரோப்பேன் ஆவியாக ஏறத்தாழ 340 ஜூல் வேண்டும். அரை கிலோ துத்தநாகக் கலவை மேகசின் அந்த 340 ஜூலைக் கொடுத்தால் 1.7 டிகிரி குளிர்ந்துபோகும். நிறுத்தி நிதானமாகச் சுட்டால் வெளிக்காற்று அதை ஈடுகட்டும். விடாமல் தொடர்ந்து சுட்டால் முடியாது, திரவம் குளிர்ந்து அழுத்தம் இறங்கி, போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். அந்த இரண்டாவது ஆள் "படுத்துருது" என்றது இதைத்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மூடிய காடிக்குள் வெயிலில் கிடந்து மேகசின் 60 டிகிரிக்குப் போனால் உள்ளே 21 பார் வரும். அந்த அழுத்தம் வால்வை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஹேமர் எவ்வளவு தட்டினாலும் திறக்காது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள், நிழலில் ஆற வைத்தாலே சரியாகிவிடும்.

கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் இன்னும் முரட்டுத்தனமானவை, 20 டிகிரியிலேயே 57 பார். 31 டிகிரி தாண்டினால் அதற்குத் திரவம், ஆவி என்ற பிரிவே கிடையாது, அதன் பிறகு எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதும் கணக்கில் வந்துவிடும்.

அப்கிரேடு என்றதும் எல்லாரும் முதலில் எஃகு போல்ட்டுக்குத்தான் ஆசைப்படுகிறார்கள். உதைப்பு நன்றாகக் கூடும், மறுக்கவில்லை. ஆனால் கனமான போல்ட்டைத் தள்ள அதிக ஆவி வேண்டும், அதிக ஆவி என்றால் அதிகக் குளிர்ச்சி, குளிர் நாடுகளில் அது பாதியில் நிற்கும். என் கணிப்பில் காசுக்கு அதிகப் பலன் தருவது திருகித் திருத்தக்கூடிய மிதக்கும் வால்வுதான். அது எவ்வளவு சீக்கிரம் மூடுகிறதோ அவ்வளவு குறைவாகக் குண்டுக்குப் போகும், மிச்சம் போல்ட்டுக்கு. வாயு, வெயில், விளையாட்டுத் திடலின் ஆற்றல் வரம்பு மூன்றுக்கும் ஏற்றபடி பங்கை மாற்றிக்கொள்ளலாம். குறி துல்லியத்துக்கு குழாயை மாற்றுவதைவிட ஹாப்-அப் ரப்பரை மாற்றுவதே மேல். குண்டைப் பின்பக்கமாகச் சுழலவிட்டு காற்றில் மிதக்க வைப்பது அந்த ரப்பர்தான். வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளுக்கு அவ்வப்போது சிலிக்கோன் எண்ணெய் விட்டால் கசிவு குறையும்.

ரிவியூவில் வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. 0.20 கிராம் குண்டு வினாடிக்கு 100 மீட்டரில் போனால் 1 ஜூல். அதே ஆற்றலில் 0.32 கிராம் குண்டு 79 மீட்டரில் போக வேண்டும். ஆனால் கனமான குண்டு குழாயில் அதிக நேரம் தங்கும், மிதக்கும் வால்வு தாமதமாக மூடும், குண்டுக்கு ஆவி கூடுதலாகக் கிடைக்கும். அதனால் 88 மீட்டர் காட்டினால் வேகம் குறைந்தது போலத் தெரிந்தாலும் ஆற்றல் 1.24 ஜூல், படுகிற தோலுக்கு வலி அதிகம். எந்த வாயு, எத்தனை டிகிரி, எத்தனை கிராம் குண்டு, மேகசினில் எத்தனையாவது முறை சுட்டது, இந்த நான்கையும் சொல்லாத ரிவியூவில் மற்ற எண்களைத் தாண்டிப் போய்விடலாம்.